நண்பகல் மணியை இழுத்த கை

1919 ஏப்ரல் 1, செவ்வாய்
மறைமாவட்டத் தலைவரான பிரான்சு மேற்றிராணியாரின் கடிதம் மறுபடியும் வந்தது. ஜப்பான் அரசுக்கு எதிரான கிளர்ச்சியில் விசுவாசிகள் யாரும் சேரக்கூடாதாம். பூசையில் வாசித்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. பிரான்சுச் சாமிமார் தங்கள் நாட்டுக்காகப் போருக்குப் போனபோது கொரியாவே அவர்களுக்காகச் செபித்தது. நமக்கு மட்டும்— சரி, விடு. கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவன் நான்.

ஏப்ரல் 3, வியாழன்
காலையில், கோவிலில் வேதபாடம் சொல்லும் உபதேசியார் மத்தியாஸ் வந்தார். "சாமி, இன்னைக்கு உச்சி மணி அடிப்பீங்கல்ல?"
"அடிக்காத நாள் உண்டா உபதேசியாரே?" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.
சந்தை நாள். பன்னிரண்டுக்கு மூவேளை செப மணியை அடித்தேன். அடித்து முடிக்குமுன்பே சந்தையில் "கொரியா வாழ்க" என்று ஒரே முழக்கம். பிறகு துப்பாக்கிச் சத்தம். கயிற்றைப் பிடித்தபடி கோபுரத்திலேயே நின்றேன். மூன்று பேர் செத்தார்கள். மத்தியாஸ் ஒருவர்.

ஏப்ரல் 4
துக்க வீட்டில்தான் கேள்விப்பட்டேன். என் மணியைத்தான் முழக்கத்துக்கு அடையாளமாக வைத்திருந்தார்களாம். சத்தியமாக எனக்குத் தெரியாது.

ஏப்ரல் 5
தெரியாதா? ஒரு நாளும் கேட்காதவர் அன்று மட்டும் ஏன் கேட்டார்? "ஏன் கேக்குறீங்க?" என்று நான் ஏன் திருப்பிக் கேட்கவில்லை? கேட்டால் தெரிந்துவிடும் என்றா?

ஏப்ரல் 8
ராணுவப் போலீஸ் கூப்பிட்டனுப்பியது. பேசியவன் மா என்ற துணைக் காவலன். நம் நாட்டு ஆள்தான், ஜப்பான்காரர் சட்டை போட்டவன்.
"வெறும் செப மணிதான்னு எழுதிக் குடுங்க சாமியாரே. சந்தையில ஒட்டிடுறோம். அதுக்கப்புறமும் உங்க சனங்க உங்களக் கும்புடுறாங்களான்னு பார்ப்போம்!"
மேற்றிராணியாரும் அதையே எழுதச் சொல்கிறார். ஞாயிறுவரை தவணை. எழுதாவிட்டால் கோவிலுக்குப் பூட்டு. எழுதினால் அது பொய்யும் இல்லையே!

ஏப்ரல் 9
கயிற்றைத் தொட்டதும் முதுகுக்குப் பின்னால், "அடிப்பீங்கல்ல?" திரும்பினேன். யாருமில்லை. அடித்தேன். கீழே சந்தைத் திடலில் மணியைக் கேட்டு வேற்று மதத்தார்கூட எழுந்து நின்றார்கள்.

ஏப்ரல் 10
இன்றும் கேட்டது.

ஏப்ரல் 11
மத்தியாஸின் மனைவி ஆகத்தா சணல் துக்க உடையில் வந்தாள்.
"சாமி நம்ம பக்கந்தான், வாயாலயே சொல்லிட்டாருன்னு சொல்லிட்டுத்தான் அவரு போனாரு. எங்களுக்காகத்தானே அடிச்சீங்க?"
நான் அவளுக்குப் பாயை விரித்துப் போட்டேன்.
"கோவில்ல அந்தக் கடுதாசிய வாசிக்க மட்டும் வாய் வந்துச்சே சாமி!" என்று அழுதாள்.
இல்லையென்று சொன்னால் அவள் புருஷன் வீணாய்ச் செத்தவன். ஆமென்று சொன்னால் கொன்றவன் நான். ஆண்டவரே, நான் என்னதான் செய்ய?

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு
பூசை முடிந்து நேரே ஸ்டேஷன். எழுதிக் கொடுத்தேன்: "மணி செபத்துக்குரியது. அன்று என் மக்களுக்காகவும் அடித்தேன். தெரிந்தே அடித்தேன்."
மா படித்துவிட்டு முகம் வெளுத்தான். "பைத்தியமா சாமி உங்களுக்கு? கிழிச்சிட்டு வேற எழுதுங்க."
"இதையே ஒட்டுப்பா" என்றேன்.
பொய்தானே எழுதினேன்? இல்லை, முதன்முறையாக உண்மையா? யாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வேன்? எதைச் செய்ததாகச் சொல்வேன்?

ஜூன் 20, சிறை
இன்றுதான் எழுதக் காகிதம் கிடைத்தது. பூசை வைக்கும் உரிமையை மேற்றிராணியார் எடுத்துவிட்டார். கோவிலையும் பூட்டிவிட்டார்கள்.
ஆகத்தா பார்க்க வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன், வெட்கத்தைவிட்டு எழுதுகிறேன். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:
"தெரிஞ்சுதான் அடிச்சீங்கன்னா, அவரு கீழ விழுந்தப்ப ஏன் சாமி இறங்கி வரல?"
"பயமா இருந்துச்சும்மா" என்றேன்.
"அவருக்கும் பயந்தான் சாமி. உங்க மணியக் கேட்டுத்தான் எந்திரிச்சாரு."