நேர்த்தி என்று சொன்ன மொட்டை

என் தலையை நோகாமல் வாரிவிட்ட அக்காவுக்கு,

உனக்கு வந்த நோய் எனக்கும் வந்துவிட்டது. அதே மார்பில். மூன்று ஊசி போட்டாயிற்று. அதுவரை தாக்குப்பிடித்த முடி இன்று காலை தலையணையில் கொத்தாகக் கிடந்தது. மிச்சத்தை நானே வெட்டினேன்.

உனக்குச் செய்ததையெல்லாம் இப்போது எனக்குச் செய்கிறேன். கறுத்த நகங்களை ஒட்ட வெட்டித் தேங்காயெண்ணெய் பூசுகிறேன். சவர்க்காரம் பட்டால் எரிகிறது. உள்ளங்கை வெடித்திருப்பதால் மீனை அம்மாதான் கழுவித் தருகிறார். உனக்கும் இப்படி எரிந்ததா? ஒரு நாளாவது சொன்னாயா?

அம்மா பழைய பொய்யை எடுத்து வைத்திருக்கிறார். "கண்ணகி அம்மனுக்கு நேர்த்தி எண்டு சொல்லுவம் மகள். குமர் இருக்கிற வீடு." உன் மகளுக்குக் கலியாணம் பேசும்போது நோயின் பெயர் வெளியே போகக்கூடாது என்றுதானே அன்றும் சொன்னோம். பக்கத்து வீட்டுப் பாக்கியம் மச்சாள் உன்னைப் பார்த்து, "என்னகா, அம்மன் புருவத்தையுமா கேட்டவ?" என்றபோது நீ சிரித்தாய். "ஓம் மச்சாள், மறுகா இமையும் வேணுமாம்."

அந்தச் சோதனைச்சாவடி நினைவிருக்கிறதா? கொழும்பு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நம்மை இறக்கினார்கள். உன் தலைத்துணி விலகியது. அடையாள அட்டையில் நீண்ட பின்னல். இயக்கத்துப் பெண்கள் முடியை ஒட்ட வெட்டியிருப்பார்கள்; முடி இல்லாத பெண்ணென்றால் ஆமிக்கு இயக்கம்தான் நினைவுக்கு வரும்.

"முடி எங்க?" என்றான் ஆமிக்காரன்.

உன் நோயை எழுதிய ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு என் கைப்பையில் இருந்தது. வரிசையில் நமக்குப் பின்னால் பாக்கியம் மச்சாள் நின்றாள். நான், "கோயிலுக்கு நேர்த்தி" என்றேன். அவன் உன் கறுத்த நகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பயந்துபோய்த் துண்டை நீட்டினேன்.

"ரெண்டு கதை. எது பொய்?"

பொழுது சாயும்வரை வெயிலில் நிறுத்தினார்கள். பஸ் போய்விட்டது. அடுத்த கிழமை பாதையைப் பூட்டினார்கள். திறந்தபோது உன்னால் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அன்று தவறிய அந்த ஒரு ஊசி உன்னைக் காப்பாற்றியிருக்குமா? டொக்டரிடம் கேட்கிறேன், அவர் என் அடுத்த ஊசிக்கு நாள் எழுதித் தருகிறார்.

திங்கட்கிழமை நாலாவது ஊசி. அதே பாதை. விடுவார்களா தெரியாது. நேற்று உன் மகள் என் நகங்களுக்கு எண்ணெய் பூசிக்கொண்டே சொன்னாள்: "உள்ளதைச் சொல்லுங்க சின்னம்மா. பொய்யை நம்பி வாற மாப்பிள்ளை எனக்கு வேணா."

சொல்வேன், அக்கா. சாவடியில் அவர்கள் கேட்கும் முன்பே தலைத்துணியை அவிழ்த்து, துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, பின்னால் யார் நின்றாலும் கேட்கும்படி சொல்வேன். எனக்குப் புற்றுநோய். என் அக்காவுக்கும் அதுதான்.

அன்று உன் பக்கத்தில் நின்று பொய் சொன்ன,
உன் தங்கச்சி