தசை பழைய அளவுக்கு வந்த கதை

அன்புள்ள உங்களுக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். உங்கள் முதுகுவலி தேவலையா? நம் பாப்பாவுக்கு இருமல் நின்றதா?

போன வாரம் ஆய்வகத்தில் ஒரு கூத்து. நீங்கள் போனைக் கொடுத்தும் பாப்பா, "அந்த அம்மா வேணாம்" என்று ஓடினாளே, அதையே நினைத்துக்கொண்டு எலியின் கால்தசை ஊறும் கரைசலில் உப்பை இரண்டு முறை போட்டுவிட்டேன். தசைச் செல்கள் தண்ணீரை இழந்து சுருங்கின. பேராசிரியர் திட்டித் தீர்த்தார். ஆனால் அரைமணியில் அவை பழைய அளவுக்கு வந்துவிட்டன. அவருக்கு ஒரே சந்தோஷம். பாப்பாவைப் பார்க்க ஊருக்கு வர நான் கேட்டிருந்த லீவுக்கும் அங்கேயே பதில் சொன்னார்.

"பாத்தீங்களா, தன்னால சரியாயிடுச்சு. உங்களுக்கும் ஆயிடும். லீவெல்லாம் எதுக்கு?"

தன்னால் ஒன்றும் ஆகவில்லை. தன்னைச் சுருக்கிய அதே உப்பைத்தான் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. தண்ணீர் அதன் பின்னால் வருகிறது. பார்க்கிறவருக்கு அளவு மட்டும்தான் தெரியும்.

இனிப் பாப்பாவைப் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அவள் தூங்கும்போது போனைப் பக்கத்தில் வையுங்கள், போதும். அவளுடைய செருப்பு அளவை எழுதுங்கள். என்னிடம் இருப்பது போன வருடத்து அளவு.

உப்பு நிறுக்கப் போகவேண்டும், முடிக்கிறேன். நான் கிளம்பும்போது, "போகப் போகப் பழகிடும்" என்றீர்கள். பழகிவிட்டது, பாப்பாவுக்கு.