நீல ஸ்வெட்டர்

மார்ச் 3

என் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானே, என் கையால். இவ்வளவுக்கே இரண்டு நாள் ஆயிற்று. உளி பிடித்த கை. அழுத்தினால் தாள் கிழிகிறது. "செதுக்காதீங்கய்யா, எழுதுங்க" என்று முதியோர் வகுப்பு டீச்சர் சிரிக்கிறாள். கடைப் பலகைகளை எல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே வருகிறேன். நேற்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய்விட்டார்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. நீ ஃபோனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் அல்லவா?

உன் அப்பா

மார்ச் 21

அப்பாவுக்கு,

பிரித்தேன். உங்கள் எழுத்தைப் பார்த்து அழுதேன். ஆனாலும் கேட்கத்தான் வேண்டும்.

இடுப்பு வலிக்கு அம்மா விழுங்கிய மாத்திரைகளால் வயிற்றில் புண். அது பின்பக்கம் மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அரித்து, குழாய் பலூன் மாதிரி புடைத்து வெடித்தது. அபூர்வம் என்றார் டாக்டர். ஆனால் மலம் கறுப்பாகப் போவதை அம்மாவே ஃபோனில் வாய்தவறிச் சொன்னாள். ஃபோனை எடுப்பதும் அவள்தான், பேசினால் மழுப்புவாள்; கடிதமென்றால் உங்களுக்கு வாசித்துக் காட்டித்தானே ஆக வேண்டும் என்று உங்கள் பேருக்குப் போட்டேன்: 'உள்ளே ரத்தம் கசிகிறது. அப்பா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.'

ஒரு மாதம் சும்மா இருந்தீர்களே, ஏன்?

மகள்

ஏப்ரல் 9

பாப்பா,

உன் கடிதங்கள் அம்மாவின் துணிப்பெட்டிக்கு அடியில் இருந்தன. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். நீ சொன்ன வரி இருக்கிறது. கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. நான் கதவுச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள். நடுவில் நிறுத்தித் தண்ணீர் குடித்தாள். அப்புறம், "அங்க ரொம்பக் குளிராம். ஸ்வெட்டர் வாங்கியிருக்காளாம், நீலத்துல" என்றாள். என்ன நீலம் என்று கேட்டேன். "உங்க பழைய சட்டை மாதிரி" என்றாள். எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம்.

நாலு தடவை படித்துவிட்டேன். கடிதத்தில் ஸ்வெட்டர் எங்கேயும் இல்லை.

அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ படிப்பை விட்டு ஓடி வந்துவிடுவாய் என்று பயந்திருப்பாள். அவள் கண் இருக்கிறதே என்று இத்தனை வருடம் எழுத்துப் படிக்காமல் இருந்தவன் நான்தான்.

அங்கே இப்போது குளிரா? உன்னிடம் நிஜமாகவே ஸ்வெட்டர் இருக்கிறதா? எழுது. திட்டுவதாக இருந்தாலும் எழுது. இனி நடுவில் யாரும் இல்லை. நானே படிப்பேன்.

அப்பா