கோணாத கதவு

தாராவி, 12-2-64

செண்பகவல்லி, நானும் என் தொந்தியும் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் பட்டறையில் பழைய ஸ்டேஷன் வேகன் ஒன்றை மலையேறும் வண்டியாக்கினோம். ஜீப் அச்சு பூட்டியது ஹமீது. கதவுகள் என் வேலை. வண்டி நம்மூர் வழியாகப் பாபநாசம் மலை எஸ்டேட்டுக்குப் போகிறது. வழியில் எவன் செய்த வேலை பழுதாகுமோ அவன்தான் கூடப் போகவேண்டும், அது பட்டறை வழக்கம். முதலாளி நாகூர் கனி கதவை ஆட்டிப் பார்த்தார். “இது அசையாது வே, பூலோகம். நீரு இங்கனயே இரும்.”

ஒரு கதவையாவது கோணலாக மாட்டியிருக்கலாம். வயிறு எரிகிறது.

அச்சு வழியில் கெடலாம் என்று வண்டியோடு வருகிறவன் ஹமீது; இந்தக் கடிதத்தைக் கொண்டுவருவதும் அவன்தான். பாவாடை எடுக்க, நம் மகள் பூமாரியின் உயரத்தைக் கயிற்றில் அளந்து அவனிடம் கொடு. ஹாரன் அடிக்கிறான். அவனுக்கு வயிறாரச் சோறு போடு. மீன்குழம்பு மட்டும் நான் வரும்வரை வைக்காதே.

பூலோகம்