டாங்க் மூடியில் ஒட்டிய டேப்

அன்பு மனைவிக்கு, இங்கே நான் நலம். அங்கே உன் முழங்கால் வலியும் உன் அம்மாவின் வாயும் கொஞ்சம் குறைந்தனவா?

போன வாரம் ஒரு படகு எஞ்சின் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டது. சும்மா நிற்கும்போது சாதுவாக ஓடும். வேகம் கொடுத்தால் அணைந்துவிடும். என் அறையில் கூட இருந்த நம் பக்கத்து வீட்டு மொட்டை, கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினான். முதலாளி வந்து, "எவன்யா இதைக் கெடுத்தது?" என்று கத்தினார். என் வாய் சும்மா இருக்குமா? "மொட்டை கை வெச்சா ரயிலே நின்னுடும் முதலாளி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், மொட்டையும்தான். முதலாளி மட்டும் சிரிக்காமல் அவன் சீட்டைக் கிழித்துவிட்டார்.

அவன் பெட்டி கட்டிக்கொண்டு போன மறுநாள்தான், பெட்ரோல் டாங்க் மூடியின் காற்றுத் துளையில் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் இறங்கக் கூடாதென்று ஒட்டியது நான்தான். காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்? பிய்த்தேன், எஞ்சின் பறந்தது. "நீதான்யா மெக்கானிக்!" என்று முதலாளி தோளில் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அறையில் இப்போது பேச்சுத்துணை இல்லை. தலைவலித் தைலம் அனுப்பு. கடிதத்தைப் பக்கம் பக்கமாக எழுது. பிள்ளைகளுக்கு வாங்கிய துணியை மொட்டையிடம்தான் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பற்றி நல்லதாகத்தான் நாலு வார்த்தை சொல்வான். நீ குறுக்கே எதுவும் பேசிவிடாதே.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் கணவன்