சத்தம் போடாத பாடம்

யானை துரத்துகிற வெடியின் கந்தக மணம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. பின்னேரம் ஆகிவிட்டது. யன்னல்கள் எல்லாம் திறந்து கிடக்கின்றன. யன்னல் என்ன யன்னல், அறையின் பின்சுவரே திறந்துதான் கிடக்கிறது. வயல் வட்டையில் இரவு முழுக்க யானைக்குக் காவல் இருந்துவிட்டு, சட்டையில் இதே மணத்தோடுதான் காலையில் வருவீர்கள். முகத்தைக் கழுவி, தேத்தண்ணீர் குடித்து முடிக்கும் முன்பே மகளுக்குப் பாடம் தொடங்கிவிடும். இன்றைக்கு இந்த மணம் மூக்கில் ஏற ஏற எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வருகிறது. அதை வேறு யாரிடம் சொல்வது? உங்களிடமே சொல்கிறேன்.

டீச்சர் கலியாணம் முடித்துப் போன பிறகு எங்கள் ஊர் முன்பள்ளி பூட்டியே கிடந்தது. அடுத்த முன்பள்ளிக்குப் பற்றைக்காட்டு வழியாகப் போக வேண்டும். யானை நடக்கிற வழி அது. “நாலு வயசுப் புள்ளைய அந்த றோட்டால அனுப்ப ஏலா. நான் படிப்பிக்கிறன், நீ வேலைக்குப் போ” என்றீர்கள். நான் களுவாஞ்சிக்குடித் தையல் கடைக்கு பஸ் ஏறினேன். நீங்கள் நித்திரை கொள்ள வேண்டிய நேரத்தில் டீச்சர் ஆனீர்கள்.

பயறையும் கௌபி விதையையும் கலந்து சுளகில் கொட்டிவிட்டு, வேறு வேறாகப் பிரிக்க விடுவது முதல் பாடம். பிறகு முற்றத்து மணலில் ஈர்க்கால் ‘அ’ எழுதுவது. அதற்குப் பிறகு கோழிகளுக்குத் தீன் போட்டு எண்ணுவது. கோழி ஓடித் திரிந்தால் எண்ணிக்கை குழம்பும், இரண்டு பேரும் திரும்ப முதலிலிருந்து தொடங்குவீர்கள். “டீச்சருக்கே எண்ணத் தெரியாது போல” என்று பகிடி பண்ணினால், “எனக்குத் தெரியும், கோழிக்குத்தான் ஒழுங்கு இல்ல” என்பீர்கள்.

கடைசிப் பாடம்தான் சத்தம் போடாத விளையாட்டு. வெடிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய் அறைக் கட்டிலுக்கடியில் பூர வேண்டும். கைக்குள் கொஞ்சம் கௌபி. அதை ஒவ்வொன்றாக மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டும். ‘மழை விட்டிட்டு’ என்ற அடையாளச் சொல்லை நீங்கள் சொன்னால்தான் வெளியே வரலாம். “ஆர் கூப்பிட்டாலும் வரப்படா. அம்மா கூப்பிட்டாலும் வரப்படா. அப்பா சொன்னாத்தான்.”

“நான் கூப்பிட்டா ஏன் வரப்படா? நான் என்ன ஆனையா?” என்று சண்டைக்கு வந்தேன்.

“ஆனை வந்தா ஊரே கத்தும். கத்துற பக்கம் புள்ள ஓடிரும். ஆனை எங்க நிக்கிது எண்டு காவல்காரனுக்குத்தானே தெரியும்.”

நியாயமாகத்தான் பட்டது. எல்லாவற்றையும் யோசித்தீர்கள். நீங்கள் இல்லாத ஒரு நாளை மட்டும் யோசிக்கவில்லை.

வயல் சேற்றிலிருந்து வந்த எலிக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உங்களைக் கொண்டுவந்த அன்று, பிள்ளையை என் தங்கை தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அப்பா எங்கே என்று கேட்டதற்குக் காவலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம். நான் தையல் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்து, உங்கள் பாடங்களை அதே ஒழுங்கில் நடத்தினேன். அந்த விளையாட்டை மட்டும் தொடவில்லை. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். வெட்டிய நெல்லை வைக்க வேறு இடமில்லாமல் மூட்டைகளை அதே அறையில்தான் அடுக்கினேன்.

இன்று காலை நான் கிணற்றடியில் நின்றேன். மகள் விறாந்தையில் சுளகும் கையுமாக இருந்தாள். விடிந்த பிறகும் காட்டுக்குத் திரும்பாத தனியன் யானை ஒன்று ஊருக்குள் நின்றிருக்கிறது. மேற்கு வளவில் வெடி கேட்டது. வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தால், சுளகு கிடக்கிறது, பிள்ளை இல்லை. அறைக்குள் கட்டில் நடுங்கியது. சுவருக்கு அந்தப் பக்கம் யானை. அதற்கு வேண்டியது நெல். நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், கட்டிலுக்கடியில், என் கை எட்டாத மூலையில், எங்கள் மகள்.

“வெளிய வா மனே! கெதியா வா!”

மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். சுவரில் வெடிப்பு ஓடியது. காரை பெயர்ந்து என் முதுகில் விழுந்தது.

“மழை விட்டிட்டு! மழை விட்டிட்டு மனே!”

“அப்பா சொல்லல்ல” என்றாள், சத்தமே இல்லாமல், உதட்டால் மட்டும். கௌபி ஒன்று இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போனது. நீங்கள் படிப்பித்தது அத்தனை நன்றாகப் பதிந்திருந்தது. அந்த நிமிடம் உங்களைத் திட்டினேன். செத்த மனிதனை வாயாரத் திட்டினேன்.

யன்னல் நிலை உள்ளே சரிந்தது. தும்பிக்கை மூட்டையைத் தடவியது. தரையோடு தரையாகப் படுத்து அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன். “அப்பா காவலுக்குப் போகல்ல மனே. அப்பா செத்துப் போயிட்டார். இனி வரமாட்டார். இனி நான்தான் சொல்லுவன்.”

என்னையே பார்த்தாள். பிறகு கௌபியைக் கீழே வைத்துவிட்டு ஊர்ந்து வந்தாள். இழுத்து இடுப்பில் போட்டுக்கொண்டு முன்வாசலால் ஓடினேன். பக்கத்து வளவு மாமி படலையைத் திறந்துவைத்துக் கத்திக்கொண்டு நின்றாள். பின்னால் சுவர் விழுந்த சத்தம் கேட்டது. ஊரார் வெடி கொளுத்தி யானையைத் துரத்திய பிறகுதான் அவளை இடுப்பிலிருந்து இறக்கினேன்.

மாமி வீட்டில் வைத்து மகளிடம் சொன்னேன், விளையாட்டை மாற்றிவிட்டோம் என்று. “நெல்லு கிடக்கிற அறைக்குள்ள பூரப்படா. அம்மா கூப்பிட்டா வரணும்.”

அவள் திருப்பிக் கேட்டாள். “அம்மாவும் இல்லாட்டி?”

நான் எங்கே போகப் போகிறேன் என்று சிரித்துச் சமாளித்திருக்கலாம். எப்போதும் இருப்போம் என்பதுபோலத்தானே நீங்களும் நானும் அவளுக்குச் சொல்லிவைத்தோம். இந்த முறை அப்படிச் செய்யவில்லை.

“மாமி கூப்பிட்டா வா. மாமியும் இல்லாட்டி, நீயே எட்டிப் பாத்து, ஆனை இல்லாத பக்கம் ஓடு. ஆரும் வருவாங்க எண்டு பாத்துக்கொண்டு இருக்காத.”

மணலில் எழுதிய எழுத்தைச் சொல்லிக் காட்டுவதுபோல, அதையும் முழுக்கத் திருப்பிச் சொன்னாள். ஒரு பிழை இல்லை. அந்த இடத்தில் நீங்கள் ‘கெட்டிக்காரி’ என்று சொல்லித் தலையைத் தடவுவீர்கள். இன்று அதை நான்தான் சொன்னேன், தலையைத் தடவி.