நான் சேர்த்த வரி

ஜூலை 9, புதன்

பக்கத்து வீட்டு மும்தாஜுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். குழாயில் சாக்கடை கலப்பதை அவள் சொல்லச் சொல்ல, அவள் போனில் நான்தான் எழுதி ஃபேஸ்புக்கில் போட்டேன். “இதை அதிகாரியின் பிள்ளைக்கும் ஒருநாள் குடிக்கக் கொடுப்போம்” என்ற கடைசி வரி அவள் சொன்னதல்ல. என் கை சும்மா இருக்கவில்லை.

அது மிரட்டல் என்கிறது போலீஸ். இன்று அவளைத் தாராவி ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, பதிவை நீக்கவைத்து, போனையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

“கிஸ்னே லிக்கா?” யார் எழுதியது என்று இந்தியில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“மைனே”, நான்தான் என்றாள் மும்தாஜ். துணைக்குப் போன நான் வாயே திறக்கவில்லை.

திரும்பும் வழியில், போலீஸ் கொடுத்த நோட்டீஸோடு இருந்த பதிவின் நகலை நீட்டினாள். “என்னதான் எழுதியிருக்கு, வாசிங்க அண்ணாச்சி.”

வாசித்தேன், கடைசி வரியை விட்டுவிட்டு.

“இதுல மிரட்டல் எங்க இருக்கு அண்ணாச்சி?” என்றாள்.